போர்டு மாட்டினால் போதுமா?

ஓசூரில் புதிதாக முளைத்திருக்கும் ஏதாவது ஒரு லே-அவுட்டுக்குள் நடந்து பாருங்கள். கேட்டுக்குக் கேட் ஒரு போர்டு தொங்கும். 'நாய்கள் ஜாக்கிரதை.' சில வீடுகளில் தமிழில், சில வீடுகளில் கன்னடத்தில், மீதி வீடுகளில் இங்கிலீஷில். இது எல்லை ஊர். ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகா. வீட்டுக்குள் தெலுங்கு, கடையில் தமிழ், பஸ்ஸில் கன்னடம், கம்பெனியில் இந்தி என்று ஒரே நாளில் நாலு பாஷை பேசுகிற ஜனங்கள். நாயிடம் மட்டும் எல்லோருக்கும் ஒரே பாஷைதான். 'சிட்', 'கம்', 'நோ'!

அந்த போர்டை யாருக்காக மாட்டியிருக்கிறார்கள் என்று எப்போதாவது யோசித்ததுண்டா? திருடனுக்கு என்பார்கள். திருடன் போர்டு படித்துவிட்டா வருகிறான்? அதைப் படிப்பவர்கள் வேறு ஆட்கள். கூரியர் பையன், கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர், கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர், பால் பாக்கெட் போடும் அம்மா, பந்து விழுந்துவிட்டதென்று ஓடி வரும் பக்கத்து வீட்டுக் குழந்தை. ஜாக்கிரதையாக இருக்கும் வேலையை இவர்கள் தலையில் கட்டிவிட்டு, வளர்க்கிறவர் உள்ளே போய் டி.வி. பார்க்கிறார். போர்டு மாட்டியாயிற்று, கடமை முடிந்தது!

என்னைக் கேட்டால் அந்த போர்டைத் திருப்பி மாட்ட வேண்டும் என்பேன். எழுத்து வீட்டைப் பார்த்து இருக்க வேண்டும். தினமும் காலையில் கேட்டைத் திறக்கும்போது வளர்க்கிறவர் கண்ணில் பட வேண்டிய வாசகம் அது.

நாயைக் கண்டால் ஆகாத ஆசாமி எழுதுகிற கட்டுரை என்று நினைத்து அடுத்த பக்கம் புரட்டிவிடாதீர்கள். நாய்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது நாயாகத்தான் இருக்கிறது. நான் பேச வந்தது சங்கிலியின் இன்னொரு முனையைப் பிடித்திருக்க வேண்டிய கையைப் பற்றி.

ஓசூர் எப்படி வளர்ந்தது என்று உங்களுக்குத் தெரியும். எழுபதுகளில் சிப்காட். பின்னாலேயே டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன். 2019-ல் மாநகராட்சி. தேன்கனிக்கோட்டை பக்கம் இப்போது எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை. ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம் என்று ரயிலேறி வந்த பிள்ளைகள் ஒரு அறைக்கு ஆறு பேர் என்று தங்கியிருக்கிறார்கள். ஊர் பெருக, வீடுகள் பெருகின. வீடுகள் பெருக, நாய்கள் பெருகின.

நாய்களிலும் பல ஜாதி. நான் சொல்வது இனத்தை அல்ல, வேலையை. வீட்டைக் காக்கும் நாய் ஒன்று. கட்டடம் கட்டும் இடத்தில் சிமென்ட் மூட்டையைக் காக்கிற நாய் இன்னொன்று. கட்டி முடித்ததும் மேஸ்திரி அடுத்த ஊருக்குப் போய்விடுவார், நாய் அங்கேயே நிற்கும். மூன்றாவது, பெங்களூர்க்காரர்கள் தளி ரோட்டில் வாங்கிப் போட்டிருக்கும் பண்ணை வீட்டு நாய். முதலாளி சனி, ஞாயிறு வருவார். மற்ற ஐந்து நாளும் அதைக் கட்டி மேய்ப்பது, அதன் பெயரையே சரியாகச் சொல்லத் தெரியாத ஒரு வாட்ச்மேன். நாலாவது, டிரான்ஸ்பர் வந்ததும் நெடுஞ்சாலை ஓரம் இறக்கிவிடப்பட்ட நாய். கழுத்தில் பட்டை மட்டும் இருக்கும்.

இரண்டாவது ஷிப்ட் முடிந்து ராத்திரி கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து அறைக்கு அரை கிலோ மீட்டர் நடை. கையில் டிபன் பாக்ஸ் பையோடு அந்தப் பெண்கள் நடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். போனில் டார்ச் அடித்துக்கொண்டு, எந்த வீட்டு கேட் சாத்தியிருக்கிறது, எது திறந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் போவார்கள். எந்தத் தெருவில் எந்த நாய் என்பது அவர்களுக்கு மனப்பாடம். வளர்க்கிறவர்களைவிட அவர்களுக்குத்தான் அந்த நாய்களை நன்றாகத் தெரியும்!

வளர்க்கிறவரைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும். 'ஒண்ணும் பண்ணாதுங்க.' இரண்டாவது பதில்: 'நீங்க ஓடாதீங்க, அது சும்மா விளையாடுது.' மூன்றாவது பதில்தான் உச்சம். 'இன்னிக்கு வரைக்கும் யாரையும் கடிச்சதே இல்லீங்க.' சரி சார். எல்லா நாய்க்கும் முதல் கடிக்கு முந்தின நாள் வரை அந்த நற்சான்றிதழ் இருக்கத்தானே செய்யும்?

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒடிசாக்காரப் பையன். இருபது வயது இருக்கும். சின்னப் பட்டறை ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. காலை ஷிப்டுக்கு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான். கார் எடுப்பதற்காக ஒரு வீட்டில் கேட்டைத் திறந்தார்கள். திறந்த இடுக்கில் நாய் பாய்ந்து வந்து கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. வீட்டுக்காரர் ஓடி வந்து பிடித்து இழுத்தார். 'ஊசியெல்லாம் போட்டிருக்கு தம்பி, பயப்படாதே' என்றார். ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றைக் கையில் திணித்தார். கேட்டைச் சாத்திக்கொண்டார். அவர் கணக்கு அத்தோடு முடிந்தது.

பையனின் கணக்கு அப்போதுதான் ஆரம்பித்தது. நாய்க்கடிக்கு அரசு மருத்துவமனைகளில் ஊசி இலவசம். பெரும்பாலும் தோலுக்குள், இரண்டு கையிலும் போடுவார்கள். முதல் ஊசி போடும் நாளைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால் அதிலிருந்து 3-வது நாள், 7-வது நாள், 28-வது நாள். ஆக நாலு தடவை போக வேண்டும். நாலு தடவை என்றால் நாலு ஷிப்ட். கான்ட்ராக்ட் ஆளுக்கு வேலைக்குப் போனால்தான் சம்பளம். ஒரு நாள் போகாவிட்டால் கூலி போகும், அடிக்கடி போகாவிட்டால் ஆளே போகவேண்டியதுதான். ஊசி இலவசம். ஊசி போடப் போகிற நாள் இலவசமில்லை!

முதல் ஊசி போட்டான். மூன்றாம் நாள் போட்டான். ஏழாம் நாள் போகவில்லை. 'காயம் ஆறிப்போச்சு பையா' என்று டீக்கடையில் காலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். டீக்கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. 'டேய், ஆறினது மேலே. உள்ளே ஆறிடுச்சான்னு உனக்குத் தெரியுமா?'

அவர் சொன்னதுதான் மருத்துவம். ரேபிஸ் கிருமி ரத்தத்தில் ஓடுவதில்லை. கடிபட்ட இடத்திலிருந்து நரம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூளையை நோக்கிப் போகிறது. பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும். சில சமயம் ஒரு வாரம், சில சமயம் ஒரு வருஷம்கூட. முகத்தில், தலையில் கடித்தால் வழி குறைவு, சீக்கிரம் போய்விடும். உயரம் குறைந்த குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம் என்பது அதனால்தான். மூளைக்குப் போகும்வரை ஒரு அறிகுறியும் இருக்காது. போய்ச் சேர்ந்து, தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுக்க ஆரம்பித்துவிட்டால் அப்புறம் எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. 2025-ல் உத்தரப்பிரதேசத்தில் கபடி வீரர் ஒருவர், சாக்கடையில் விழுந்த குட்டியைத் தூக்கிவிட்டார். குட்டி விரலில் லேசாகக் கடித்தது. சின்னக் காயம்தானே என்று விட்டுவிட்டார். சில மாதங்களில் இறந்துபோனார். நல்லது செய்யப் போன பிள்ளை.

டீக்கடைக்காரரும் நானுமாக அந்த வீட்டுக் கதவைத் தட்டினோம். 'நாய்க்கு ஊசி போட்ட அட்டையைக் கொஞ்சம் பார்க்கலாமா சார்?' அவர் உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார். கடைசித் தேதியைப் பார்த்தபோது அவர் முகம்தான் மாறியது. இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மனிதர் பொய் சொல்லவில்லை. நாய் வாங்கிய புதிதில் போட்டது மனசில் அப்படியே நின்றுவிட்டது. ரேபிஸ் ஊசி நாய்க்கு ஒரு தடவையோடு முடிவதில்லை. குட்டிக்கு மூன்று மாதத்தில் போட்டு, டாக்டர் சொல்கிறபடி மறுபடி போட்டு, அப்புறம் வருஷா வருஷம் போட வேண்டும். இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுத்து பெங்களூரில் குட்டி வாங்குகிறார்கள். வருஷத்துக்குச் சில நூறு ரூபாய் ஊசி மறந்துபோகிறது.

அன்று மாலையே பையனைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் திட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கான்ட்ராக்டரிடமும் வீட்டுக்காரரே பேசினார். போன நாள்களுக்கான கூலியைக் கொடுத்தார். இதெல்லாம் முதல் நாளே செய்திருக்க வேண்டியது. செய்யக் கூடாது என்ற கெட்ட எண்ணம் அவருக்கு இல்லை. செய்ய வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கொஞ்சம் பழைய கதைக்குப் போவோம். 1885 ஜூலை 6-ம் தேதி, பாரிஸில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுப் பையனுக்கு முதல் முதலாகத் தடுப்பூசி போட வைத்தார். பையன் பிழைத்தான். ஆனால் கண்டுபிடித்த மருந்து கடிபட்டவரின் கைக்கு வந்து சேர வேண்டுமே! 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலப் பெண்ணை வெறிநாய் கடித்தது. உரிய மருந்து கைக்கெட்டாமல் இறந்தார். இந்தியாவில் அதற்கென்று இருந்த நிலையம், வடக்கே மலையில், கசௌலியில் இருந்தது. தெற்கே ஒன்று வேண்டும் என்ற பேச்சு வலுத்து, அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் கொடுத்த நன்கொடையும் சேர்ந்து, 1907-ல் நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள்.

அன்று ஆளைக் கொன்றது தூரம். இன்று தூரம் இல்லை. பக்கத்திலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. 'தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி' என்று நம் தலைமுறையைப் பயமுறுத்திய, ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்தப் பழைய மருந்தை 2004-லேயே இந்தியா கைவிட்டுவிட்டது. ஆனாலும் தமிழ்நாட்டில் 2024-ல் மட்டும் சுமார் 4.8 லட்சம் பேரை நாய் கடித்திருக்கிறது, 43 பேர் ரேபிஸால் இறந்திருக்கிறார்கள் என்கிறது சுகாதாரத் துறையின் கணக்கு. காயத்தில் மிளகாய்ப்பொடி வைப்பது, சுண்ணாம்பு தடவுவது, மந்திரிப்பது என்று காரணங்கள் பல. அவற்றோடு சேர்த்து எழுத வேண்டிய காரணம் ஷிப்ட். லீவு கேட்கப் பயம்.

இந்த இடத்தில்தான் நாய் வளர்க்கிறவர் கையில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. அது பலருக்குத் தெரிவதில்லை. ரேபிஸ் கிருமி எச்சிலில் வந்துவிட்ட நாய் பத்து நாளைத் தாண்டி உயிரோடு இருக்காது. கடித்த நாய் பத்து நாள் கழித்தும் நன்றாகச் சாப்பிட்டு, வாலாட்டிக்கொண்டு இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம். அதை வைத்து மேற்கொண்டு என்ன செய்வது என்று டாக்டர் முடிவெடுப்பார். அதற்காகப் பத்து நாள் சும்மா காத்திருக்கக் கூடாது, ஊசியை அன்றே ஆரம்பித்துவிட வேண்டும். தெரு நாய் கடித்தால் எங்கே போய்த் தேடுவது? வீட்டு நாயென்றால் அது கேட்டுக்கு உள்ளேயே இருக்கிறது. அதன் உடல்நிலை என்ன என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் வளர்க்கிறவர்தான். அவர் பயந்துபோய் நாயைக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிட்டு வந்தால், கடிபட்டவருக்குச் சேர வேண்டிய தகவலையும் சேர்த்து விட்டுவிட்டு வருகிறார்.

'சட்டம் என்ன சொல்கிறது?' என்பீர்கள். தன் வசம் இருக்கும் பிராணியால் மனித உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வராதபடி தக்க ஏற்பாடு செய்யாமல் அலட்சியமாக இருந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பழைய தண்டனைச் சட்டத்தில் 289-வது பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 291. அபராதம் 1,000 ரூபாயாக இருந்தது 5,000 ஆகியிருக்கிறது. 'தன் வசம் இருக்கும்' என்ற வார்த்தைகளைக் கவனியுங்கள். ரசீது யார் பெயரில் என்ற கேள்வி அங்கே இல்லை. வீட்டுப் பிராணிக்குத் தடுப்பூசி போடுவதும் குடும்பக் கட்டுப்பாடு செய்வதும் அதன் உரிமையாளர் பொறுப்பு என்று 2023-ம் வருஷத்து நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகளும் சொல்கின்றன.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுப் பெண் குழந்தையை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பூங்கா காவலாளியின் குழந்தை. நாய்க்காரர் கைதானார். மறு வருஷம் ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் இறந்தார். பிறகு சென்னையில் உரிமம், மைக்ரோசிப், உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றெல்லாம் கெடுபிடி வந்தது. ஒவ்வொரு முறையும் முதலில் கிளம்பும் பேச்சு, 'இந்த இனத்தைத் தடை செய்' என்பதுதான். மத்திய அரசு 2024 மார்ச்சில் 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. இனத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும், அந்தப் பூங்காவில் நாய்களின் கழுத்தில் சங்கிலி இருந்திருந்தால், வாயில் மூடி இருந்திருந்தால், அந்தச் சங்கிலியை ஒரு கை பிடித்திருந்தால் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தெரு நாய் விஷயம் 2025-ல் சுப்ரீம் கோர்ட் வரை போய், ஆகஸ்டில் ஒரு உத்தரவு, பதினோரு நாளில் அதற்குத் திருத்தம், நவம்பரில் இன்னொரு உத்தரவு என்று நாடு முழுக்கப் பேச்சானது. அது தனியாக எழுத வேண்டிய சங்கதி. ஒன்று மட்டும் சொல்கிறேன். தெரு நாய் ஆகாசத்திலிருந்து குதிப்பதில்லை. வீட்டுப் பெண் நாய்க்கு ஆபரேஷன் செய்யாமல் விட்டு, அது ஆறு குட்டி போட்டு, இரண்டைச் சொந்தக்காரருக்குக் கொடுத்து, மீதி நாலைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையில் விட்டால், அடுத்த வருஷம் அதுதான் தெரு நாய். அதன் கதையும் ஒரு கேட்டுக்குப் பின்னாலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

நாயையும் ஆளையும் சேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. நம் பக்கத்து ஜில்லா, செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்தது. ஏறக்குறைய 1,400 வருஷப் பழசு. கருந்தேவக்கத்தி என்ற வீரன் செத்து விழுந்தபோது, அவனுடைய நாய் கோவிவன் இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு அங்கேயே காவல் நின்றது என்று செய்தி. நாயின் பெயரை வெட்டியவர்கள், அது யாருடைய நாய் என்பதையும் சேர்த்துத்தான் வெட்டியிருக்கிறார்கள். கடித்த நாய்க்குச் சொந்தக்காரர் உண்டு என்பது அன்றைக்கே கல்வெட்டு. கடித்தது கள்ளர்களை என்பதால் அது பெருமை. கடிபட்டது சைக்கிளில் போன பையன் என்றால், அது கடன்.

நான் பி.காம். படித்தவன். கணக்குப் பதிவியலில் முதல் பாடமே பற்று, வரவு. ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு நேராகாது. நாய்மேல் நமக்கெல்லாம் நிறையப் பற்று. அதற்கு ஸ்வெட்டர் போடுகிறோம், கேக் வெட்டுகிறோம். மறுபக்கத்தில் என்ன எழுதியிருக்கிறோம்? வருஷா வருஷம் ஊசி. அட்டை எங்கே இருக்கிறது என்ற ஞாபகம். கேட்டைத் திறக்கும் முன் நாயைக் கட்டும் பழக்கம். வெளியே போனால் சங்கிலி. பண்ணை வீட்டில் நாயை விட்டுவிட்டு வந்தால், வாட்ச்மேனுக்கும் ரேபிஸ் தடுப்பூசி. ஊரை விட்டுப் போகும்போது நாயையும் கூட்டிக்கொண்டு போவது, முடியாவிட்டால் நல்ல கையில் ஒப்படைப்பது. ஜூலை 6-ம் தேதி, பாஸ்டர் ஊசி போட வைத்த அந்த நாளில், அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகவே ரேபிஸ் ஊசி போடுகிறார்கள். காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

இவ்வளவு செய்தும் நாய் கடித்துவிட்டதா? நாய்தானே, கடிக்கும். உடனே ஐந்நூறு ரூபாய் நோட்டைத் தேடாதீர்கள். முதலில் குழாயடிக்குக் கூட்டிப் போய், காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். நீங்களே அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காயம் ஆழமாக இருந்தால் காயத்திலேயே போடும் மருந்து ஒன்று தனியாக உண்டு, அதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அட்டையைக் காட்டுங்கள், போடாமல் விட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கடிபட்டவர் தினக்கூலி ஆள் என்றால் அடுத்த மூன்று ஊசி நாள்களின் கூலி உங்களுடையது. அவர் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, உங்கள் நம்பரைக் கொடுங்கள்.

பத்து நாள் முடிந்ததும் மறக்காமல் ஒரு போன் பண்ணுங்கள். 'தம்பி, நாய் நல்லா இருக்குப்பா. நீ எப்படி இருக்கே? இருபத்தெட்டாம் நாள் ஊசிக்கு என்ன பண்றதுன்னு டாக்டரைக் கேட்டுடுவோம், நானும் வர்றேன்.'